சைரன் ஏன் ஊதவில்லை என்று கேட்டவர்

அக்காவை வெட்டுவேன் என்றவர்கள் உண்டு, உயிரோடு கொளுத்துவேன் என்றவர்களும் உண்டு. போலி மருந்து விற்ற பெரிய மனிதர் ஒருவர், நாக்கை அறுத்து நாய்க்குப் போடுவதாகச் சொன்னார். அக்கா அதையும் ஓர் எழுத்து விடாமல் தட்டச்சு செய்தார். "எந்த நாய்க்குன்னு கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பாவம், ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கிட்டிருந்தார், விட்டுட்டேன்" என்று ஆசிரியரிடம் சொன்னார். அந்த மிரட்டல் மறுநாள் செய்தியின் அடியில், 'அவர் தரப்பு' என்ற தலைப்பின் கீழ், காற்புள்ளி அரைப்புள்ளியோடு வெளியானது.

அது ஒரு சின்னச் செய்தித் தளம். விளம்பரம் கிடையாது, லாபம் என்ற பேச்சே கிடையாது. வாசகர்கள் மாதாமாதம் கொடுக்கிற நன்கொடையில் வண்டி தட்டுத்தடுமாறி ஓடியது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே சக்கரத்தைக் கழற்றினால் மேலே மேசை ஆடும், காற்று அடித்தால் தொலைபேசியில் பேசுவது கேட்காது. ஆசிரியர் ஒரு காலத்தில் பெரிய பத்திரிகையில் இருந்தவர். அங்கே ஒரு அமைச்சரின் மருமகனைப் பற்றி எழுதியதை அழித்துவிட்டு அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டார்களாம், அன்றைக்கே நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வந்துவிட்டார். பெரிய கைகள் மூடி வைத்ததைத் தோண்டி எடுப்பது அவர் வேலை. தோண்டியதைப் பற்றிச் சம்பந்தப்பட்டவரையே கூப்பிட்டு, "இப்படி எழுதப்போகிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பது அக்கா வேலை.

அந்த அலுவலகத்தில் மீறக்கூடாத விதி அது ஒன்றுதான். அயோக்கியனாகவே இருந்தாலும், எழுதப்போகிற ஒவ்வொரு குற்றச்சாட்டையும் அவனிடம் முழுதாகச் சொல்லி, பதில் கேட்ட பிறகுதான் வெளியிட வேண்டும். ஆசிரியர் அவசரத்தில் எதையாவது விட்டுவிட்டால் அக்கா கணினியை விட்டு எழுந்திருக்க மாட்டார். "மறுபக்கம் கேட்டாச்சா?" என்று கேட்டுக் கேட்டே அவருக்கு 'மறுபக்கம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர் ஆசிரியர்தான், ஆனால் நேரில் 'அக்கா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது.

அக்காவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவர் வீட்டுக்காரர். அவர் ஒரு நூற்பாலையில் மின் பணியாளர். ஆலையில் செம்புக் கம்பி காணாமல் போனபோது அவர் மீது பழி விழுந்தது. ஒரு பத்திரிகை அவர் படத்தோடு 'கம்பி திருடன் சிக்கினான்' என்று போட்டது. ஒரு போன், ஒரே ஒரு போன் செய்து கேட்டிருந்தால், கம்பி போன வாரத்தில் அவர் அம்மை கண்டு படுக்கையில் கிடந்தது தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. தெருவில் நான்கு பேர் அவரை மின் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். ஒரு காதில் கேட்கும் சக்தி போயிற்று. பிறகு உண்மைத் திருடன் கிடைத்தான், பத்திரிகையும் உள்பக்கத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு வருத்தம் தெரிவித்தது. அன்றிலிருந்து அவர் செய்தித்தாளைத் தொட்டதில்லை, பஜ்ஜியின் எண்ணெய் ஒற்றக்கூடத் தொடமாட்டார்.

அக்கா அப்போது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, இணைப்பைத் துண்டிக்காமல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம். அங்கே அவர் ஒன்றைக் கற்றார். எவனுக்கும் தன் தரப்பைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிற அரிப்பு உண்டு. குறுக்கே பேசாமல் விட்டால் அவனே சொறிந்துகொள்வான். "இந்த அழைப்பு பதிவாகிறது" என்று முதலிலேயே சொன்னாலும், கோபம் தலைக்கு ஏறியதும் மறந்துவிடுவான். இந்த வித்தையைத்தான் ஆசிரியர் நன்கொடைக் காசில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

இனி குவாரிக்கு வருவோம்.

ஊருக்கு வெளியே மலையைப் பாதி தின்று முடித்திருந்த கல்குவாரி அது. அதன் முதலாளிக்கு எந்தக் கட்சி வந்தாலும் மேடையில் நாற்காலி உண்டு. ஒருநாள் காலை அவர் ஏதோ ஒரு கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டக் கிளம்பினார், கார் கிளம்பவில்லை, பேட்டரி செத்துவிட்டது. நேராகப் பாறைக்கு வந்து வெடிக்காரரைக் கூப்பிட்டார். வெடிக்காரர் என்றால் பாறையில் துளை போட்டு, மருந்து திணித்து, பொத்தானை அமுக்குகிறவர். வெடிக்கு முன்னால் சைரன் ஊதுவதும் அவர் பொறுப்பு. சைரன் பேட்டரியைக் கழற்றிக் காரில் மாட்டச் சொன்னார் முதலாளி. மாட்டியாயிற்று. "நான் வர்ற வரைக்கும் வேலை நிக்கக் கூடாது. கத்திச் சொல்லிட்டு அமுக்கு" என்றார்.

வெடிக்காரர் கத்தினார். கல் அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பொத்தானை அமுக்கினார். பாறையின் மறுபுறம் அடிவாரத்தில் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மலை அவர்கள் மேல் இறங்கியது. தூசி அடங்கியபோது ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது, விரல்கள் இன்னும் அசைந்தன. வெடிக்காரர் ஓடிப்போய் நகத்தால் கல்லைப் பறித்தார். கங்காணி போனில் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்து, மண் தள்ளும் வண்டியைக் கொண்டுவரச் சொன்னான். வெடிக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே அதன் மேல் கற்குவியலைத் தள்ளினார்கள். இவரை இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மூன்று பேரும் வேலையை விட்டு ஓடிப்போய்விட்டதாகக் கணக்கை முடித்தார்கள். அவர்கள் தொலைதூரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், தேடி வர யாருமில்லை.

வெடிக்காரரால் சாப்பிட முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்த விரல்கள் அசைந்தன. கடைசியில் அவரே டயர் கடைப் படியேறி வந்து ஆசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது சார். பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு" என்றார்.

ரகசியத்தைக் காப்பாற்றினார்கள், சும்மா சொல்லக்கூடாது. அவர் பெயரை எந்த இடத்திலும் எழுதவில்லை, குரலை மாற்றினார்கள், சந்திப்பதென்றால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நோயாளி மாதிரி உட்கார்ந்து பேசினார்கள். இத்தனையும் செய்த புத்திசாலிகள் ஒன்றைக் கோட்டை விட்டார்கள். சைரன் பேட்டரி காருக்குப் போன கதை இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கழற்றச் சொன்னவர், இன்னொருவர் கழற்றியவர். ஆசிரியர் அந்த வரியை எழுதினார், அக்கா பலமுறை படித்தார். இருவருக்கும் அது உண்மையா என்பதில்தான் கண் இருந்தது. யார் வாயிலிருந்து வந்திருக்க முடியும் என்று முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி தேன் ஒழுகப் பேசினார்.

"சொல்லும்மா. நம்ம மேல என்ன புகார்?"

"இந்த அழைப்பு பதிவாகுதுங்க. வெடியில மூணு பேர் செத்துட்டதாவும், நீங்க மறைச்சதாவும் எழுதப்போறோம். உங்க பதில்?"

"யாரு செத்தாங்க? ஓடிப்போன பசங்களுக்கெல்லாம் நான் கருமாதி பண்ண முடியுமா?" என்று சிரித்தார்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிரிப்பு வந்தது. அக்கா விடவில்லை. "வெடிக்கு முன்னாடி சைரன் ஏன் ஊதல? அதோட பேட்டரியைக் கழட்டி உங்க கார்ல மாட்டிக்கிட்டுப் போனீங்களாமே?"

சிரிப்பு நின்றது. கீழே டயர் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள், மறுமுனையில் என்ன நடக்கிறது என்று அக்காவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சற்றுப் பொறுத்து முதலாளி மிக மரியாதையாக, "ரொம்ப நன்றிம்மா. நீங்க கேட்டது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"பதில் சொல்ல முடியாம வாயடைச்சுப் போயிட்டார் சார்" என்று அக்கா பெருமையாக அறிவித்தார். ஆசிரியர் மேசையைத் தட்டினார். இருவரும் டீ குடித்தார்கள்.

டீ முடிந்ததும் அக்கா வழக்கம்போல ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பதிவைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தார். சிரிப்பு, பதில், சிரிப்பு. பிறகு அந்த மௌனம். சத்தத்தைக் கூட்டி வைத்தார். மௌனத்துக்குள் குரல் இருந்தது. முதலாளி போனைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறார்: "நம்ம வெடிக்காரன்தான்டா."

அக்காவின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. "தம்பி!" என்று அலறினார். சாதாரணமாக அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். ஆசிரியர் வந்து கேட்டார், முகம் வெளிறியது. வெடிக்காரரைக் கூப்பிட்டார்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. யாரோ எடுத்தார்கள், யாரும் பேசவில்லை. பின்னால் ஒரு பெண் கத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆசிரியர் வண்டியை ஓட்டிய ஓட்டத்தில் இருவரும் உயிரோடு போய்ச் சேர்ந்ததே பெரிது. வெடிக்காரர் வீடு ஒரு சந்தின் கோடியில் இருந்தது. பட்டப்பகல், சந்தில் அத்தனை கதவுகளும் சாத்தியிருந்தன. வாசலில் முகத்தில் துணி கட்டிய ஆட்கள். இரண்டு பேர் வெடிக்காரரின் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தார்கள். ஒருவன் அவர் வலது கையை வாசற்படிக் கல்லில் விரித்துப் பிடித்திருந்தான். இன்னொருவன் கையில் கல் உடைக்கும் சம்மட்டி. இடது கை ஏற்கெனவே முடிந்திருந்தது, அது கை மாதிரியே இல்லை. அவர் மனைவியை ஒருவன் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி, "கண்ணை மூடாதடி, பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சம்மட்டி இறங்கியது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. வெடிக்காரர் கத்தவில்லை, காற்று போன மாதிரி ஒரு ஓசைதான் வந்தது.

அக்கா அதுவரை யாரையும் அடித்ததில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினார். "அவர் சொல்லல! நானே கண்டுபிடிச்சேன்! அவருக்கு எதுவும் தெரியாது!" என்று கூவினார். தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அது. யார் நம்புவார்கள்? சம்மட்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"இந்தக் குரல்தானே போன்ல பேசுச்சு? வாம்மா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்."

வாயில் விழுந்த முதல் குத்தில் முன்பல் இரண்டும் போயின. கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தார்கள், உள்ளே ஏதோ முறிந்தது அவருக்கே கேட்டது. ஆசிரியர் வண்டியின் இரும்புப் பூட்டைச் சுழற்றிக்கொண்டு வந்தார், அதைப் பிடுங்கி அவர் மண்டையிலேயே போட்டார்கள். அந்தக் களேபரத்தில் வெடிக்காரர் எழுந்தார். உடைந்த இரண்டு கைகளையும் மார்போடு வைத்துக்கொண்டு, மனைவியைப் பிடித்திருந்தவன் மேல் தலையால் முட்டினார். அவன் தடுமாறி விழுந்தான். சம்மட்டிக்காரன் யோசிக்கவே இல்லை. பின்னாலிருந்து தலையில் ஓங்கி ஒரு போடு போட்டான்.

அதன் பிறகு அவர்களே பயந்துவிட்டார்கள். "டேய், என்னடா பண்ணே!" என்று ஒருவன் கத்தினான். வண்டிகள் கிளம்பிப் போயின. சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திறந்து என்ன பயன்?

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் அக்கா விலாவில் கட்டோடு, வாயில் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் வெடிக்காரர் நினைவில்லாமல் கிடந்தார். அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தார், குவாரியில் கல் சுமக்கிறவர். சேலை முழுக்க ரத்தம், அதில் ஒரு சொட்டும் அவருடையது இல்லை. அக்கா எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னார். போன் செய்தது நான்தான், பேட்டரியைப் பற்றிக் கேட்டது நான்தான், அதனால்தான் அவனுக்குத் தெரிந்தது. மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அறைந்தார். காயம்பட்ட வாயில்தான் அறைந்தார், பஞ்சு தெறித்து விழுந்தது. செவிலியர் ஓடிவந்தார், அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் கொலைகாரன்கிட்ட வரிக்கு வரி பதில் கேட்கத் தெரிஞ்சுது உனக்கு. என் புருஷன்கிட்ட, இதைக் கேட்கப்போறோம், கேட்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்கத் தெரியலையா?"

அக்கா கீழே கிடந்த பஞ்சைப் பொறுக்கினார். எத்தனை அயோக்கியர்களை அவர் இப்படிப் பதில் இல்லாமல் நிறுத்தியிருப்பார்!

மறுநாள் வெடிக்காரர் இறந்தார்.

காவல் நிலையத்தில் ஒரு அதிகாரி எழுதி முடித்துவிட்டுத்தான் விசாரிக்கவே ஆரம்பித்தார். குடித்துவிட்டு வாசற்படியில் விழுந்து இறந்தார் என்று எழுதியிருந்தார்.

"ரெண்டு கையும் தூளாகுற மாதிரியா சார் விழுவாங்க?" என்றார் ஆசிரியர், தலையில் தையலோடு.

"கையை ஊனி விழுந்திருப்பான்."

"நாங்க ரெண்டு பேரும் நேர்ல பார்த்தோம். எங்களையும் அடிச்சாங்க."

"நீங்கதான் முதலாளி மேல கதை எழுதுறவங்களாச்சே. ஆகாதவங்க சாட்சி எப்படிச் செல்லும்? முகம் பார்த்தீங்களா? இல்லையே. போய்ட்டு வாங்க" என்றார். 'நம்ம வெடிக்காரன்தான்டா' என்ற பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அவர் காதைக் குடைந்துகொண்டு, "நம்ம வெடிக்காரன் நல்லவன்னு சொல்லியிருப்பாரு" என்றார். நாக்கூசாமல் சொன்னார். அந்த வாயில் புழு விழ வேண்டாம், ஒரு சின்னக் கொப்புளமாவது வந்திருக்கலாம்.

அது போதாதென்று மறுநாள் காலை முதலாளியின் ஆட்கள் அலுவலகத்துக்கும் வந்தார்கள். கணினிகளை மாடியிலிருந்து தெருவில் எறிந்தார்கள். தடுக்கப்போன டயர் கடைக்காரரைச் சக்கரம் கழற்றும் கம்பியாலேயே அடித்து முட்டியை உடைத்தார்கள். அக்கா அன்று வீட்டில் படுத்திருந்ததால் தப்பித்தார்.

படுத்திருந்தவருக்கு வீட்டுக்காரர் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். பிறகு கேட்கும் காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு போன் வரலைன்னு, ஊர்ல இருக்கிற திருடனுக்கெல்லாம் நீ போன் போட்டுக்கிட்டிருந்தே. இப்ப என்ன பண்ணப்போறே?" என்றார்.

"இன்னொரு போன் போடணுங்க. இப்ப கொலைன்னு எழுதப்போறோம். அதையும் அவன்கிட்டக் கேட்டாகணும்."

"பைத்தியமா உனக்கு?"

"விதிங்க."

"விதி இல்ல, தலைவிதி" என்று கஞ்சிக் கிண்ணத்தை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்தார். ஆனால் ஆட்டோ பிடித்து வந்தவர் அவர்தான்.

இந்தத் தடவை அக்கா முதலில் போனது வெடிக்காரர் வீட்டுக்கு. வாசற்படியை யாரோ கழுவியிருந்தார்கள், கல்லின் வெடிப்பில் கறை போகவில்லை. அக்காவும் ஆசிரியரும் வாசலிலேயே நின்றார்கள், மனைவி உள்ளே கூப்பிடவில்லை. இன்னின்ன கேட்கப்போகிறோம், இன்னின்ன எழுதப்போகிறோம், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அக்கா கேட்டார். பல் போன வாயில் வார்த்தை வழுக்கியது.

"அவர் பேரைப் போடலாமா?"

"போடுங்க. இனிமே யாருக்கு பயப்படணும் அவரு?" என்றார் மனைவி. "நீங்க பண்ணதையும் போடணும். நீங்க கேட்டதாலதான் அவன் கண்டுபிடிச்சான்னு."

ஆசிரியர் தரையைப் பார்த்தார். "அம்மா, அதைப் போட்டா அவன் வக்கீல் அதையே பிடிச்சுக்குவான். நன்கொடை கொடுக்கிறவங்க விலகிடுவாங்க. இனி எவனும் நம்மளை நம்பி வாயைத் திறக்க மாட்டான்."

"திறக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கட்டும் தம்பி" என்றார் அக்கா. "போடுறோம்மா. முதல் வரியாவே போடுறோம்."

ஆசிரியர் தலையைத் தடவிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அப்படின்னா அவனை நானே கேட்கிறேன்" என்றார் மனைவி.

உடைந்த அலுவலகத்தில், கால் ஆடும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் தன் போனைக் கொடுத்தார், அக்காவின் எண்ணை முதலாளி எடுக்க மாட்டாரே. டயர் கடை மூடியிருந்ததால் கீழே சத்தமே இல்லை. அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

"செய்தித் தளத்துலேர்ந்து பேசுறேங்க. இந்த அழைப்பு பதிவாகுது. வெடிக்காரரை உங்க ஆட்கள் அடிச்சுக் கொன்னதா எழுதப்போறோம். உங்க தரப்பு என்ன?"

"இன்னும் உசுரோடதான் இருக்கியா? குடிச்சுட்டு விழுந்து செத்தவனுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? எழுதிக்கோ."

அக்கா போனை மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

"நான் அவர் வீட்டுக்காரி பேசுறேன்."

மறுமுனையில் குரல் உடனே இளகியது. "அடடா, தங்கச்சியா! மனசைத் தேத்திக்கம்மா. உன் அண்ணன் நான் இருக்கேன். பிள்ளைங்க படிப்பை நான் பார்த்துக்கிறேன். இந்தக் கூட்டத்தை நம்பாதே, உன்னை வச்சுக் காசு பார்க்கிறவங்க..."

"கையை எதுக்கு உடைச்சீங்க?"

"அவன் விழுந்தாம்மா..."

"கையை எதுக்கு உடைச்சீங்க?"

"கேளும்மா, போலீஸே சொல்லியிருக்கு..."

"சோறு பிசைஞ்சு ஊட்டுவாரு பிள்ளைங்களுக்கு. அந்தக் கையை எதுக்கு உடைச்சீங்க?"

அழவில்லை, கத்தவில்லை. ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். யாரும் பேசவில்லை. முதலாளியின் மூச்சு மட்டும் கேட்டது, வரவர அது தடித்தது.

"என்னமோ நான்தான் பாவி மாதிரி கேட்கிறியே! இருபது வருஷம் என் உப்பைத் தின்னவன். நான் கொடுத்த வேலை, நான் கொடுத்த கூலி. வீட்டு விஷயத்தைக் கண்டவன்கிட்டப் போய்ச் சொன்னா சும்மா விடுவாங்களா? எவனா இருந்தாலும் செய்வான். இனி மருந்து திணிக்கக் கூடாது, பொத்தான் அமுக்கக் கூடாது, அவ்வளவுதான். கையை மட்டும்தான் சொன்னேன். தலையில அடிக்கச் சொல்லவே இல்ல! அந்தப் பசங்க பண்ண தப்புக்கு நான் எப்படிம்மா பொறுப்பாவேன்? என் பக்கமும் யோசிச்சுப் பாரு."

யாரோ பக்கத்தில் "ஐயோ, வைங்க!" என்று அலறினார்கள். இணைப்பு துண்டானது.

வீட்டுக்காரர், "என்ன சொன்னான்? எனக்குச் சரியா கேட்கல" என்றார். யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

"எழுதிட்டீங்களா?" என்றார் மனைவி.

"பதிவாயிருக்கும்மா. இப்ப எழுதுறேன்."

"எழுதிட்டு எங்கிட்டப் படிச்சுக் காட்டுங்க."

ஆசிரியர் எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்த பழைய கணினியில் அக்கா தட்டச்சு செய்தார். 'அவர் தரப்பு' என்று தலைப்புப் போட்டார். அவன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அடித்து முடித்துவிட்டுப் படித்தார். 'கையை மட்டும்தான் சொன்னேன்' என்ற இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. விலா வலித்தது, மூச்சு எடுக்க முடியவில்லை, கண்ணீர் பஞ்சில் இறங்கியது.

"முழுசாப் படிங்க" என்றார் மனைவி.

படித்தார். மனைவி கடைசி வரை கேட்டுவிட்டு எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

"நாளைக்கு இதைப் பார்த்துட்டு எல்லாரும் உங்களைப் பாராட்டுவாங்க. நான் உங்களை மன்னிக்கல. அது உங்களுக்குத் தெரியணும்."

"மன்னிக்க வேணாம்மா" என்றார் அக்கா.

மனைவி படியிறங்கிப் போனார். அவர் போன பிறகும் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணினியின் பக்கம் திரும்பி, செய்தியின் மேலே போய், முதல் வரியில் தான் செய்ததை எழுதத் தொடங்கினார்.